மாயாவிக்கு எதற்குச் சீருடை?

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் எங்கள் வீட்டுக் குப்பி விளக்கொளியில், மூத்த காக்கா கொணர்ந்த பழைய முத்து காமிக்ஸ் இதழில் இரும்புக்கை மாயாவியை முதன்முதலில் சந்தித்தேன். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் அவனே.

இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய சித்திரத் தொடர் அது. எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வலக்கையை விபத்தில் இழந்த லூயிஸ் கிராண்டல், உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் தெரியும். முதலில் குற்றவாளி, பின்னரே நல்வழிக்கு வந்தான்.

பல்லாண்டுகளின் பின் மூலத் தொடரின் பிற்பகுதியைத் தேடிப் படித்தபோது ஏமாற்றமே எஞ்சியது. பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கி, அதிமானுட நாயகர் மோகம் பரவியிருந்த காலம். அறுபதுகளின் பிற்பகுதியில் கிராண்டலுக்கும் சீருடை அணிவித்துவிட்டார்கள். கண்ணுக்கே புலப்படாதவனுக்குச் சீருடை எதற்கு?

மின்சாரத்தை நம்பியிருந்தவன், தவறிழைத்துத் திருந்தியவன்: விளக்கடியில் வாசித்த எங்களுக்கு அந்த மனிதனே நெருக்கமானவன். சீருடை அவனைப் பலருள் ஒருவனாக்கியது. பின்னர் அது கைவிடப்பட்டது என்பதே ஆறுதல். ஒரு நாயகனின் குறையைக் களைந்தால் அவன் வளர்வதில்லை. நம்மிடமிருந்து விலகிப் போகிறான்.