வெள்ளிப் பாத்திரத்தின் அடியில்

கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் பழைய வெள்ளிப் பாத்திரமொன்றைக் கொண்டு சென்றால், முதலில் அது தராசில் ஏறும். பின்னர் மூசையில் உருகும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய குடும்பங்களின் உடைமைகள் பாகம் பிரிக்கப்படும்போது வெளிவரும் தேநீர்க் கலங்களுக்கும் வெற்றிலைத் தட்டங்களுக்கும் பெரும்பாலும் இக்கதியே. நிறை பார்ப்போர் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. அடியிலே கடுகளவான குறிகள் சில இருக்கக்கூடும். படிக்க அறிந்தவருக்கு அவை ஒரு சிறு சாசனம்.

ஆங்கில நாட்டு வெள்ளியைப் படிப்பது எளிது. செய்தவன் தன் குறியைப் பொறிக்கவேண்டுமென்று அங்கே 1363-இலேயே சட்டம் பிறந்தது. 1478 முதல் இலண்டனில் ஆண்டுக்கோர் எழுத்தும் சேர்ந்தது. நடக்கும் சிங்கம், 1000-க்கு 925 பங்கு வெள்ளி என்பதற்குச் சான்று. சிறுத்தைத் தலை இலண்டனையும், நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும். அரசர் தலையும் காணப்படின், அது 1784-க்கும் 1890-க்கும் இடையே வரி செலுத்தப்பட்ட பொருள். ஆண்டெழுத்துத்தான் சற்றுத் தொல்லை தரும். ஒரே எழுத்து மீண்டும் மீண்டும் வருமாதலால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கவேண்டும்.

'ஈ.பி.என்.எஸ்.' என்னும் நான்கெழுத்தைக் கண்டு மயங்கலாகாது. அது நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளி முலாம். பர்மிங்காம் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாமுக்கு 1840-இல் காப்புரிமை பெற்றனர். பின்வந்த முலாம்காரர் சிலர், தம் எழுத்துகளை உண்மை முத்திரைபோலவே வரிசையாகக் கட்டங்கட்டிப் பொறித்தனர். வியாபார சாமர்த்தியம் என்பதன்றி வேறென் சொல்வது!

நம் பக்கத்துப் பொருள்களில் சிக்கல் வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையிலோ கொழும்பிலோ அத்தகைய கட்டாய முத்திரை முறை இருக்கவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் விளங்கிய பி. ஓர் அன் சன்ஸ் நிறுவனம், தெய்வ உருவங்கள் புடைத்தெழும் 'சுவாமி' வேலைப்பாட்டுக்குப் பேர்போனது. அப்பாத்திரங்களில் 'ஓர்' என்னும் பெயர் இருக்கும். ஆயினும் அவ்வுருவங்களைத் தட்டி எழுப்பியவை நம் நாட்டுக் கம்மாளர் கைகள். முத்திரை கடையின் பெயரைச் சொல்லிற்று. கையின் பெயரைச் சொல்லவில்லை. குறியே இல்லாத உள்ளூர்க் கலத்தை அதன் வடிவாலும் சித்திர வேலையாலுமே அறியவேண்டியிருக்கிறது. உருக்கிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

பொறிப்பு ஒன்று எவ்வளவு செய்யவல்லது என்பதற்குக் கண்டிப் பீரங்கியே சாட்சி. வெள்ளியும் பொன்னும் மணியும் இழைத்த அச்சிறு பீரங்கியை 1765-இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டுச் சென்றனர். அதிலுள்ள சிங்களப் பொறிப்பு, லெவுகே திசாவை என்னும் பிரதானியின் பெயரைச் சொல்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து அது 2023 டிசம்பரில் திரும்பி வந்து, கொழும்புத் தேசிய நூதனசாலையைச் சேர்ந்தது.