மேக்னட்டோசோம்

மேக்னட்டோசோம் என்பது காந்த பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் உருவாக்கும் நானோ துகள். இதன் உட்பகுதி பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுப் படிகம். குறுக்களவு ஏறத்தாழ 35 முதல் 120 நானோமீட்டர். கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய சவ்வு அதைப் போர்த்தியிருக்கும். கோத்த மணிகள்போல் வரிசையாக நிற்கும் இத்துகள்கள் பாக்டீரியாவையே திசைகாட்டி முள்ளாக்குகின்றன. ஆக்சிஜன் குறைந்த அடுக்கைத் தேடிச் செல்ல அதற்கு இது உதவுகிறது.

கண்டறிதல்

இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சல்வத்தோரே பெல்லினி, வடக்கு நோக்கியே நீந்தும் பாக்டீரியாக்களைப் பற்றி 1963இல் எழுதினார். இத்தாலிய மொழியில் வெளியான அக்குறிப்பு பரவலாக அறியப்படவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரச் சேற்றை ஆராய்ந்த ரிச்சர்ட் பிளேக்மோரும் இதையே தனியாகக் கண்டார். சொட்டு நீரில் இருந்த பாக்டீரியாக்கள் எப்போதும் ஒரே விளிம்பில் குவிந்தன. வெளிச்சத்தை மறைத்தாலும், நுண்ணோக்கியை இடம் மாற்றினாலும் திசை மாறவில்லை. காந்தத்தை அருகே கொண்டுவந்ததும் மாறியது. 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை அவர் வெளியிட்டார். துகள்கள் மேக்னடைட்டால் ஆனவை என்பது 1979இல் ரிச்சர்ட் பிராங்கலுடன் சேர்ந்து நடத்திய ஆய்வில் தெரியவந்தது.

மருத்துவத்தில்

ஜப்பானின் தடாஷி மட்சுனாகா 1987இல் இத்துகள்களின்மேல் நொதியைப் பிணைத்துக் காட்டினார். நோய்க்குறிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களையும் பின்னர் பிணைக்க முடிந்தது. இரத்த மாதிரியில் தேடும் பொருளைத் துகள் பற்றிக்கொள்ள, காந்தத்தால் அதைப் பிரித்தெடுக்கலாம்.

சிகிச்சையில் உதவுவது வெப்பம். மாறுதிசைக் காந்தப்புலத்தில் துகள்கள் சூடேறும். பிரான்சில் எதுவார் அல்பாந்தேரி குழுவினர் 2011இல் எலிகளின் மார்பகப் புற்றுக் கட்டிகளில் இதைச் சோதித்தபோது, தனித்தனித் துகள்களைவிடச் சங்கிலியாக நின்றவையே நன்கு செயல்பட்டன. பாக்டீரியா தன் பயணத்துக்காகக் கோத்த அதே வரிசை இங்கும் கைகொடுத்தது. 2016இல் கனடாவின் சில்வேன் மார்டெல் குழு, உயிருள்ள காந்த பாக்டீரியாக்களில் மருந்துப் பொதிகளை ஏற்றி, எலிகளின் கட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த உட்பகுதிவரை செலுத்தியது.

தடைகளும் தேடலும்

ஆக்சிஜனை மிகக் குறைத்து வளர்க்க வேண்டியிருப்பதால் விளைச்சல் சொற்பம். பாக்டீரியாவின் நச்சுப்பொருள் துகளில் ஒட்டியிருந்தால் உடலில் காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும். அதை முற்றாக நீக்கியாக வேண்டும். துகளை உருவாக்கும் மரபணுக்களை 2014இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வேறொரு பாக்டீரியாவுக்கு மாற்றியபோது, அதுவும் மேக்னட்டோசோம்களை உருவாக்கியது. எளிதில் வளரும் உயிரிகளிடமிருந்தே இத்துகளைப் பெறலாம் என்ற நம்பிக்கைக்கு அதுவே அடித்தளம்.