பழவேற்காட்டு மீனவர் வழக்கில் 'பாடு': ஒரு சொற்பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி உரிமையை முறைவைத்துப் பகிரும் வழக்கம் 'பாடு' எனப்படுகிறது. இரண்டெழுத்துகளே கொண்ட இச்சொல் தமிழிலும் அண்டை மொழிகளிலும் பெறும் பொருள்களை ஒப்பிட்டு, ஏரியில் அது இடத்தைக் குறிக்கிறதா, முறையைக் குறிக்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டால் உரிமை பற்றிய வாதம் திசைமாறும் என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பாடு, பழவேற்காடு, நெய்தல், தலைக்கட்டு, ஊன்றுவலை, மீன்பிடி உரிமை

முன்னுரை

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்துள்ள பழவேற்காடு, இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியாகும். 1613இல் எழுந்த டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டையை முன்வைத்தே இவ்வூரின் வரலாறு பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஏரியை நம்பி வாழ்வோரின் வழக்குச்சொற்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அவற்றுள் தலையாயது 'பாடு'.

சொல்லின் பிறப்பு

'படு' என்னும் வினையடியின் முதல் நீண்டு 'பாடு' ஆயிற்று. கெடு – கேடு, பெறு – பேறு, சுடு – சூடு என்பன போல இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். இசைத்தலைக் குறிக்கும் 'பாடு' என்னும் வினை வேறு. வடிவொப்புமையால் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. படுதலாவது நிகழ்தல், அகப்படுதல், வீழ்தல், துன்புறுதல். ஆகவே பாடு என்பது அடிப்படையில் ஒரு நிகழ்ச்சியின் பெயராகும். உடன்பாடு, மாறுபாடு, கட்டுப்பாடு, வழிபாடு முதலிய கூட்டுச்சொற்களில் இப்பொருள் இன்றும் தெளிவாக நிற்கிறது. மீன் வலையில் அகப்படுவதைக் கடற்கரை வழக்கு 'மீன்பாடு' என்கிறது.

இலக்கிய வழக்கு

நெய்தல் திணையோடு இச்சொல்லுக்குப் பழந்தொடர்பு உண்டு. தொல்காப்பியம் நெய்தலுக்குரிய சிறுபொழுதாக எற்பாட்டைக் கூறுகிறது. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது அதன் சாய்வு. முல்லைப்பாட்டில் இச்சொல் கடலின் ஒலியைச் சுட்டுகிறது. கலித்தொகையின் நெய்தற்கலிப் பாடலொன்று (133) பண்பு என்பதைப் பாடறிதலோடு இணைத்து விளக்குகிறது. அவ்விடத்துப் பாடு உலக ஒழுக்கம் எனப் பொருள்படும். தனிநிகழ்ச்சியைக் குறித்த சொல், பலரும் ஏற்றொழுகும் நெறியைக் குறிக்கும் நிலைக்கு வளர்ந்தமைக்கு இது சான்று. மீனவர் வழக்கைப் புரிந்துகொள்ள இப்பொருள் இன்றியமையாதது.

அண்டை மொழிகளில்

ஏரியின் வடகரை மொழியான தெலுங்கில் 'பாடு' என்பது அழிவு, சீர்கேடு எனப் பொருள்படும். டகரம் வல்லொலியாக ஒலிக்கும் மற்றொரு வடிவமும் அம்மொழியில் உண்டு. தமிழின் ஏற்பாடு, கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு இணையான தெலுங்குச் சொற்கள் அவ்வடிவத்தையே ஈறாகக் கொண்டுள்ளன. கன்னடத்தில் 'பாடு' நிலைமையை, பெரும்பாலும் அவலநிலையை, உணர்த்தும். சிங்களத்தில் 'பாடுவ' என்பது நட்டம்.

மலையாளம் இவற்றினின்று ஓரளவு வேறுபடுகிறது. வடு, துன்பம் என்னும் பொருள்களுடன், 'பாடில்ல' என்னும் வழக்கில் 'செய்தல் தகாது' என்னும் பொருளும் அங்குண்டு. தகுதியும் அனுமதியும் இச்சொல்லுக்குள் அடங்கியிருப்பதை அது காட்டுகிறது.

இடப்பொருள் ஈழத்துக் கரையில் வலுவாக உள்ளது. கரைவலை இழுக்கும் உரிமைக்குரிய கரைப்பகுதி அங்கே 'கரைவலைப்பாடு'. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பகுதியில் வலைப்பாடு என்பது ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது.

ஏரியில் பாடு

1991இல் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு, பழவேற்காட்டுப் பாட்டு முறையை விரிவாகப் பதிவுசெய்தது. கொச்சிக் காயலின் ஊன்றுவலைத் தொழிலில் நிலவும் பாட்டு முறையை லோப், பெர்க்ஸ் ஆகியோர் 2004இல் ஆராய்ந்தனர்.

இம்முறையின் தேவை ஏரியின் இயல்பிலிருந்தே எழுகிறது. கழிகளை ஊன்றிக் கட்டும் வலைக்கு நீரோட்டம் வேண்டும். ஓதநீர் ஏறியிறங்கும் முகத்துவாரத்தை அடுத்த சில இடங்களிலேயே அது போதிய அளவில் கிடைக்கும். இறால் கடலுக்குத் திரும்பும் வழியும் அதுவே. நல்லிடங்கள் சிலவாகவும் வலைகள் பலவாகவும் இருப்பதால் முறைவைத்துப் பகிர்தல் தேவையாயிற்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தில் 'தலைக்கட்டு'ப் பட்டியலில் இடம்பெற்ற ஆண்களுக்கே இவ்வுரிமை உரியதாக இருந்து வந்துள்ளது.

இங்கு மூன்று பொருள்கள் ஒன்றுகூடுகின்றன. வலை கட்டும் இடம் பாடு. ஒருவருக்கு வந்து வாய்க்கும் முறை பாடு. அம்முறையைக் காக்கும் ஒழுங்கும் பாடு. எனினும் இவை சமநிலையில் இல்லை. மணல் அடைத்தலும் வெள்ளம் உடைத்தலுமாக முகத்துவாரம் மாறிக்கொண்டேயிருப்பதால் இடம் நிலையானதன்று, நிலைப்பது முறையே. 'படு' என்னும் அடியின் நிகழ்ச்சிப்பொருள் இவ்வாறு ஏரி வழக்கில் உயிரோடிருக்கிறது.

பொருளும் உரிமையும்

பாட்டை 'மரபான மீன்பிடித் தளம்' என்று மட்டும் பெயர்த்தால் அது எல்லையும் உடைமையுமாகச் சுருங்கும். அப்போது 'தளம் யாருடையது' என்னும் கேள்வி முன்னிற்க, 'பட்டியலில் யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை' என்னும் கேள்வி மறைந்துவிடும். ஏரியை நம்பி வாழும் பட்டியல் சாதி, பழங்குடி மீனவர்கள் இம்முறைக்கு வெளியே நிற்பதும், அதனால் எழுந்த பூசல்களும் சாரா கூல்தார்டின் 2008ஆம் ஆண்டு ஆய்வு உள்ளிட்டவற்றில் பேசப்பட்டுள்ளன.

மாறாக, வெறும் சுழற்சிமுறை என்று பெயர்த்தால் நீர்ப்பரப்பின் மீது மீனவர் கொண்ட உரிமைக்கோரிக்கை வலுவிழக்கும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்துவரும் சூழலில் இது சிறிய இழப்பன்று.

முடிவுரை

'பாடு' இடத்தையும் முறையையும் நெறியையும் ஒருங்கே சுட்டுகிறது. இவற்றை இணைக்கும் அடிப்படை நிகழ்ச்சிப்பொருளே. ஆகவே ஆய்வுகளிலும் ஆவணங்களிலும் இதனை ஒற்றைச் சொல்லால் பெயர்க்காமல் 'பாடு' என்றே வழங்கி, இடந்தோறும் பொருளை விளக்குவது பொருந்தும். நெய்தற்கலி கூறும் பாடறிதல் உலக ஒழுக்கத்தை அறிதலாயின், அவ்வொழுக்கத்தின் உலகத்துள் யார் அடங்குவர் என்பதும் அவ்விளக்கத்தின் பகுதியாதல் வேண்டும்.