சீன அபினிக் கடத்தல்: வழிகளும் அபாயங்களும்

வங்காளத்திலும் மாளவத்திலும் விளைந்த அபினியை, சீனச் சக்கரவர்த்திகளின் தடையுத்தரவுகளை மீறி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1858 வரை கடல் மார்க்கமாக அந்நாட்டிற்குள் கொண்டு சேர்த்த வியாபாரம் இப்பெயரால் வழங்கும். 1729இல் யோங்செங் சக்கரவர்த்தி புகைப்பதற்கான அபினி விற்பனையை விலக்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஜியாசிங் சக்கரவர்த்தி இறக்குமதியையே தடுத்தார். தடை இறுகுந்தோறும் சரக்குச் செல்லும் வழி மாறிற்று. வழி மாறுந்தோறும் அபாயமும் ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாறிற்று. இவ்வியாபாரத்தின் சரித்திரத்தில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது இந்த இடமாற்றமே.

1773இல் வங்காள அபினியின் ஏகபோக உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆக்கிய வாரன் ஹேஸ்டிங்ஸ், 1782இல் ‘நான்சச்’ என்னும் கப்பலில் கம்பெனியின் கணக்கிலேயே சரக்கைச் சீனத் துறைமுகமான கான்டனுக்கு அனுப்பி நஷ்டமடைந்தார். சரக்குப் பிடிபட்டால் கம்பெனியின் தேயிலை வர்த்தகத்துக்கே ஆபத்து என்பதைக் கண்ட கம்பெனியார், பின்னர் அபினியைக் கல்கத்தாவில் ஏலம் விட்டுவிட்டு, அதைத் தம் கப்பல்களில் ஏற்றாது, தனி வியாபாரிகளின் கப்பல்களுக்கு ஒப்படைத்துக் கைகழுவினர். முன்பணம் வாங்கி அபினிக்காகக் கசகசா பயிரிட்ட பீகார்க் குடியானவனுக்கும் ஏலத்தில் கிடைத்த லாபத்துக்கும் இடையே இருந்த தூரம் பெரிது.

பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில், சிறு பீரங்கிக் குண்டளவு உருட்டி, உலர்ந்த கசகசாப் பூவிதழ்களை அடுக்கடுக்காக ஒட்டிப் பொதிந்த உருண்டைகள், பெட்டிக்கு 40 வீதம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கில் வைக்கப்பட்டன. பெட்டி ஒன்றில் ஏறக்குறைய 140 ராத்தல் அபினி இருந்தது. இவற்றை ஏற்றிய பழைய கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றோடு போய் வடகிழக்குக் காற்றோடு திரும்ப வேண்டியிருந்தமையால் ஆண்டுக்கு ஒரு பிரயாணமே சாத்தியமாயிற்று. புயலும் ஈரமும் கடற்கொள்ளையரும் அக்காலத்து அபாயங்கள். வில்லியம் கிளிஃப்டன் என்னும் மாலுமி 1829இல் ஹவுராவில் கட்டுவித்த ‘ரெட் ரோவர்’ என்னும் கூர்முகக் கப்பல், எதிர்க்காற்றிலேயே சீனக் கடலில் ஏறிச் சென்று, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரயாணங்கள் கைகூடும் என்று காட்டியது. காற்றின் அபாயம் இவ்வாறு ஓரளவு அடங்கியது.

ஆனால் கரையின் அபாயம் அடங்கவில்லை. 1821இல் ராஜப் பிரதிநிதி ருவான் யுவான் மக்காவோவிலும் வாம்போவாத் துறையிலும் கெடுபிடி செய்தபின், வியாபாரிகள் முத்து நதியின் முகத்துவாரத்திலுள்ள லிண்டின் தீவருகே ஆயுதந்தாங்கிய மரக்கலங்களை நிரந்தரமாக நங்கூரமிட்டு மிதக்கும் கிடங்குகளாக்கினர். கான்டனில் வெள்ளியை எண்ணிக் கொடுத்தவனுக்குக் கிடைத்தது ஒரு சீட்டு மட்டுமே. அச்சீட்டைக் கப்பலில் காட்டினால், பெட்டிகளை உடைத்து, உருண்டைகளை எண்ணி எடுத்து, பாய்ப்பைகளில் கட்டிக் கொடுப்பர். விற்ற வெள்ளையர் சீன மண்ணில் அபினியைத் தொட்டதே இல்லை. அதன்பின் அதைக் கரைசேர்த்தவை ‘வேக நண்டு’ என்று சீனர் அழைத்த நீண்ட படகுகள்: ஒவ்வொரு புறமும் 20க்கு மேற்பட்ட துடுப்புகள், அறுபது எழுபது ஆட்கள், பெரிய பாய்கள். காவல் படகுகளுக்குக் கையூட்டுப் போய்ச் சேர்ந்த நாளில் அவை பட்டப்பகலிலேயே சென்றன. சேராத நாளில் துப்பாக்கிச் சூட்டுக்கும் சிறைக்கும் ஆளானவர்கள் அத்துடுப்புக்காரர்களே. 1838 டிசம்பரில் கான்டன் அதிகாரிகள் ஓர் அபினி வியாபாரியைத் தூக்கிலிட அந்நியர் கிடங்குகளின் முற்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். அந்நியர் தூக்குமரத்தைப் பிடுங்கியெறிந்தபோதிலும் அச்சீனனின் உயிர் தப்பவில்லை. வேறோர் இடத்தில் தண்டனை நிறைவேறிற்று.

1832இல் கிழக்குக் கரையோரமாக வடக்கே புதுச் சந்தை தேடிய ‘சில்ஃப்’ கப்பலில், துவிபாஷியாகச் சென்ற பாதிரியார் கார்ல் குட்ஸ்லாஃப் ஒரு புறம் மதநூல்களை வழங்க, மறுபுறம் அபினி இறங்கியது. இச்சரித்திரத்தில் மனத்தை இதைவிட வருத்தும் காட்சி இல்லை.

1839 மார்ச்சில் சக்கரவர்த்தியின் ஆணையராகக் கான்டன் வந்த லின் செக்சு, அந்நியரை அவர்தம் கிடங்குகளிலேயே மறித்து 20,000க்கு மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து, ஜூன் 3 முதல் மூன்று வாரமளவு ஹூமனில் குழிகள் வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரில் கரைத்துக் கடலில் விட்டார். நஞ்சைக் கடலில் சேர்ப்பதற்காகக் கடற்தெய்வத்திடம் மன்னிப்பும் வேண்டினார். இதையொட்டிப் பிரிட்டனோடு மூண்ட யுத்தத்தில் அபாயத்தைச் சுமந்தோருள் நம் சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். 1841 மே மாத இறுதியில், கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்தருகில், கொட்டும் மழையில் வழிதவறிய 37ஆம் சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவை, துப்பாக்கி மருந்து நனைந்து வெடிக்காத நிலையில், ஈட்டியேந்திய கிராமத்தார் ஆயிரக்கணக்கில் சூழ்ந்தனர். சிலர் காயமுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அபினி லாபத்தில் அச்சிப்பாய்களுக்குப் பங்கேது?

யுத்த முடிவில், 1842 ஆகஸ்டு 29இல் கையொப்பமான நான்கிங் உடன்படிக்கைப்படி சீனா செலுத்த வேண்டிய 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலரில் 60 லட்சம், அழிக்கப்பட்ட அபினிக்கு ஈடு. 1858இல் சுங்கம் விதித்து அபினி இறக்குமதி சட்டபூர்வமாக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அது செல்வது 1913இல்தான் நிறுத்தப்பட்டது.