அம்மம்மா வீட்டுக்கு எல்லை சொல்வது யார்?

யாழ்ப்பாணத்தில் 'அம்மம்மா வீடு' என்ற சொல்லுக்குள் ஒரு சொத்துரிமை வரலாறு இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையின்படி, தாயின் சீதனம் மகள்மாருக்கு, தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு. ஆகவே வீடு பெரும்பாலும் தாய்வழியாகவே கைமாறியது. வலிகாமம் வடக்கில் எங்கட அம்மம்மாவின்ர வீடும் அவவின்ர தாயிட்ட இருந்து வந்ததுதான்.

1990 ஜூனில் அந்த வழி அறுந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த பலாலி விமானத்தளத்தைச் சுற்றிப் போர் மூண்டது. பலாலி, மயிலிட்டி, தையிட்டி, வசாவிளான், காங்கேசன்துறைச் சனங்கள் வெளியேறினார்கள். சில நாளில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பையும் கொண்டுபோனவர்கள் பலர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. கோணப்புலம் போன்ற முகாம்களிலேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாகக் காணிகள் விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3இல்தான் திறந்தது. இடையில் போனது 27 வருசம்.

எங்கட பக்கமும் விடுபட்டபோது, நாங்கள் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். கையில் உறுதி இருந்தது. ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கூரை, நிலை, யன்னல் ஒன்றுமில்லை. சுவர் இருந்த இடமெல்லாம் பற்றை.

உறுதி ஏன் உதவவில்லை என்று பிறகுதான் விளங்கியது. எங்கட பழைய உறுதிகள் காணியை அயலவர்களை வைத்தே அடையாளம் காட்டுகின்றன: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய பெண்சாதியின் காணி. அளவு பரப்பிலும் குழியிலும் இருக்கும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். இத்தனை பரப்பு என்று உறுதி சொல்லும். அது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல அயலவர் வேண்டும். எல்லையும் பெரும்பாலும் மதில் இல்லை, வேலி. கிளுவையும் பூவரசும் நட்டு, கிடுகால் அடைப்பது. வருசா வருசம் ஆள் நின்று அடைக்காவிட்டால் அது வேலியே இல்லை. எல்லாரும் ஒரே நாளில் எழும்பிப்போன ஊரில், ஒருவரின் உறுதிக்கு மற்றவர் சாட்சியாக நிற்க ஒருவருமில்லை.

கடைசியில் வழி காட்டியது கிணறுதான். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி இறக்கிய கிணறுகளை நம்பித்தான் வீடும் தோட்டமும் இருந்தன. ஓட்டையும் கதவையும் கழற்றிக்கொண்டு போகலாம்; கிணற்றைக் கொண்டுபோக ஏலாது. எங்கட கிணறு பங்குக் கிணறு. கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கை உறுதியும் எழுதி வைத்திருந்தது. பற்றை வெட்டக் கிணற்றுக்கட்டின் வளைவு தெரிந்தது. துலா நின்ற பக்கத்தைப் பார்த்துவிட்டு அம்மம்மா, "குசினி இஞ்சாலை, இந்தப் பக்கம் அவையின்ர" என்றா. அடுத்த கிழமை பங்குக்கார வீட்டு மகள் தங்கட உறுதியோடு வந்தா. இரண்டு உறுதியையும் சேர்த்துப் பிடித்த பிறகுதான் எல்லைக்கயிறு கட்ட முடிந்தது.

மீள்குடியேற்றத்தை இத்தனை குடும்பம், இத்தனை ஏக்கர் என்றுதான் அறிக்கைகள் எண்ணுகின்றன. ஒரு வீடு தனியாகத் திரும்ப முடியாது என்பதை எங்கட உறுதிகளே சொல்கின்றன. அயலும் திரும்ப வேண்டும். வெளிநாடு போனவர், இறந்துபோனவர், இன்னும் காணி விடுபடாதவர் என்று அயல் பாதி வெறுமையாகத்தான் கிடக்கிறது.

1990இல் முப்பத்தைந்து வயதோடு கதவைப் பூட்டியவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. விடுபடாத காணிகள் ஒருநாள் விடுபடும்போது கிணற்றைக் காட்ட அவர்கள் இருப்பார்கள் என்ற நிச்சயம் இல்லை. அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். வீட்டில் பழைய உறுதி இருந்தால் எடுத்து, பெரியவர்களோடு இருந்து வாசியுங்கள். நாலு எல்லையிலும் யார் யார், அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே, கிணறு எந்த மூலையில், ஒழுங்கை எங்கே திரும்புகிறது என்று கேட்டு ஒரு படம் கீறி வையுங்கள். பிழையாகக் கீறினால் அவர்களே திருத்துவார்கள். திருத்த ஆள் இருக்கும்போதே கீற வேண்டும்.