பர்மாவிலிருந்து திரும்பினவங்க: அவங்களுக்கு ‘ஊர்’ எது?

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். சென்னையில ரெப்கோ வங்கியோட போர்டைப் பார்த்திருப்பீங்க. நகைக்கடன், வீட்டுக்கடன் விளம்பரம் எல்லாம் கண்ணுல பட்டிருக்கும். அந்தப் பேருல இருக்குற ‘ரெப்’ எதைக் குறிக்குது?

ரிபேட்ரியேட்ஸ். தமிழ்ல, ‘தாயகம் திரும்பியோர்’. 1969-ல், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பி வந்தவர்களுக்குக் கடன் கொடுத்து வாழ்க்கையை மறுபடி தொடங்க வைக்கணும்னே மத்திய அரசும் தென்மாநில அரசுகளும் சேர்ந்து ஆரம்பிச்ச கூட்டுறவு வங்கி அது. அதாவது, தனியா ஒரு வங்கியே தேவைப்படுற அளவுக்குக் கூட்டம் வந்திருக்கு. பர்மாவிலிருந்து மட்டும், 1963 ஜூனுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர்.

இலங்கைக் கதை தனி எபிசோடுக்கு உரியது. இன்னைக்கு பர்மா. முக்கியமா, அங்கே இருபது, முப்பது வருஷம் உழைச்சுட்டு, ஐம்பது அறுபது வயசுல கையில ஒண்ணும் இல்லாம சென்னைத் துறைமுகத்துல வந்து இறங்கினாங்களே, அவங்களைப் பத்தி.

போனதே திரும்பி வரத்தான்

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கணும். 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா வெளிநாடே கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம். சென்னையில கப்பல் ஏறி ரங்கூன்ல இறங்கினா, நீங்க இன்னும் அதே அரசாங்கத்துக்குக் கீழேதான் இருக்கீங்க. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல பர்மா முழுக்க இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்துல பாதிக்கு மேல இந்தியர்கள்தான். தெலுங்கர், தமிழர், வங்காளிகள், குஜராத்திகள்னு எல்லாரும் இருந்தாங்க.

யார் போனாங்க? மேஸ்திரி கையில முன்பணம் வாங்கிட்டுப் போன கூலித் தொழிலாளர்கள்தான் பெரும்பான்மை. அரிசி ஆலை, துறைமுகம், வயல் அறுவடைன்னு போனாங்க. குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், தையல்காரர்கள் போனாங்க. வட்டித் தொழிலுக்கு நகரத்தார் போனாங்க. செட்டிநாட்டுல இதுக்கு ஒரு சொல்லே இருக்கு: ‘கொண்டுவிக்கப் போறது’. ஏஜென்ட் மூணு வருஷக் கணக்குல போவார், கணக்கை முடிச்சுட்டு ஊருக்கு வருவார், அப்புறம் மறுபடி போவார். குடும்பம் பெரும்பாலும் ஊர்லயே இருக்கும்.

இந்த அமைப்புல ‘திரும்பி வர்றது’ங்கிறது கடைசியில யோசிக்கிற விஷயம் இல்ல. முதல் நாள்லயே டிசைன்ல இருக்குற விஷயம். காரைக்குடிப் பக்கம் வீடு பார்க்கப் போனா பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டுவாங்களே, அதுக்கு இதுதான் அர்த்தம். அங்கே சம்பாதிச்சதை இங்கே வீடாகக் கட்டி வெச்சாங்க. அங்கே இருக்குறது தொழில், இங்கே இருக்குறது வாழ்க்கை.

ஆனா எல்லாருக்கும் அது அப்படி அமையல. தொழிலாளி ஒருத்தர் போனார், கல்யாணம் பண்ணார், சில பேர் பர்மியப் பெண்களையே கட்டிக்கிட்டாங்க, பிள்ளைங்க பொறந்தாங்க. ‘அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடலாம்’னு சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் ஓடிப்போச்சு.

நிலம் யாருடையது?

இந்த இடத்துல நம்ம பக்கத்தை மட்டும் சொல்லிட்டுப் போனா அது வரலாறு ஆகாது. பர்மியர்கள் கண்ணுல இது எப்படித் தெரிஞ்சுது?

இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி உலகத்திலேயே அதிகமா அரிசி ஏற்றுமதி பண்ணின நாடு பர்மா. கீழ் பர்மாவோட சதுப்பு நிலங்களைத் திருத்தி நெல் வயலாக்கினவங்க பர்மிய விவசாயிகள். அதுக்கான கடன், பெருமளவு செட்டியார் பணம். 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிஞ்சுது, நெல் விலையும் சரிஞ்சுது. கடனைக் கட்ட முடியல. அடமான நிலம் கைமாறிச்சு. முக்கியமான நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம்.

செட்டியார் பார்வையில, அவங்க நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகல. அவங்களுக்கு வேண்டியது பணம், கிடைச்சது வயல். பர்மிய விவசாயி பார்வையில, பாட்டன் காடு வெட்டித் திருத்தின நிலத்துக்குக் கடல் கடந்து வந்த ஒருத்தர் சொந்தக்காரர் ஆயிட்டார். ரெண்டுமே உண்மை. 1930 மே மாசம் ரங்கூன் துறைமுகத்துல வேலை யாருக்குங்கிற தகராறு கலவரமாச்சு. 1938-ல் மறுபடி பெரிய கலவரம். அடி வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க கடன் கொடுத்தவங்க இல்ல, கூலிக்காரங்க.

முதல் திரும்புதல்: 1942

1941 டிசம்பர்ல ஜப்பான் ரங்கூன் மேல குண்டு போட்டுது. அடுத்த சில மாசங்கள்ல நாலஞ்சு லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க. கப்பல்ல இடம் கிடைச்சவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையிலயும் காட்டுலயும் நடந்தாங்க. மலேரியா, காலரா, பசி, மழை. வழியிலயே செத்தவங்க பல்லாயிரம் பேர். வெள்ளைக்காரர்களுக்கு வசதியான பாதை, இந்தியர்களுக்கு வேற பாதைன்னு அப்பவே பெரிய குற்றச்சாட்டு எழுந்தது.

ரங்கூன்ல ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திக்கிட்டிருந்த வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்தவர்கள்ல ஒருத்தர். அந்தப் பயணத்தைப் பிறகு புத்தகமாகவே எழுதினார். 1952-ல் வந்த ‘பராசக்தி’யைப் பார்த்தவங்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் வரும். குணசேகரன் ரங்கூன்லேருந்து வந்து சென்னையில இறங்குறான், வந்த உடனே இருக்குறதை எல்லாம் பறிகொடுக்கிறான். நாம அந்தப் படத்தை வசனத்துக்காகவே பேசிட்டிருக்கோம். அடிப்படையில அது ஊர் திரும்பின ஒருத்தனை ஊர் எப்படி வரவேற்றுதுங்கிற கதை.

போர் முடிஞ்சதும் பல பேர் திரும்பவும் பர்மாவுக்கே போனாங்க. ஏன்னா தொழில் அங்கே, நிலம் அங்கே, சிலருக்குக் குடும்பமும் அங்கே.

ஒரு காகிதம்

1948 ஜனவரி 4, பர்மா விடுதலை அடைஞ்சுது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம், நில நாட்டுடைமைச் சட்டம் ரெண்டும் வந்துது. தகுதி இருந்த இந்தியர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனா விண்ணப்பிச்சவங்க குறைவு. விண்ணப்பிச்ச பலருக்கும் பதில் வரல. நடைமுறை கஷ்டம்ங்கிறது ஒரு காரணம். ‘எப்படியும் ஊருக்குத்தானே போகப் போறோம், எதுக்கு இந்தக் காகிதம்’ங்கிற மனசு இன்னொரு காரணம்.

காகிதம் இல்லாதவங்க வெளிநாட்டவர்னு பதிவு பண்ணி, வருஷா வருஷம் கட்டணம் கட்டி இருந்தாங்க. அந்த ஊர்லயே பொறந்தவங்களும் அதுல இருந்தாங்க.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிச்சார். ‘பர்மிய வழி சோஷலிசம்’னு பேரு. 1963-ல் வங்கிகள் நாட்டுடைமை. 1964 மார்ச்ல ரங்கூன் கடைகள். மொத்த வியாபாரம் மட்டும் இல்ல, தெருமுனைச் சின்னக் கடைகளும் தப்பல. வாசல்ல ‘மக்கள் கடை’ன்னு நம்பர் போட்ட போர்டு. நேத்து வரைக்கும் முதலாளி, இன்னைக்கு வெறும் ஆள். மிச்சம் இருந்தது கையில இருந்த ரொக்கம். 1964 மே 17 அன்னைக்கு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. 2016 நவம்பர் 8 ராத்திரியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நமக்கு அன்னைக்கு வங்கியாவது இருந்துது. அவங்களுக்குக் கடையும் போய், வங்கியும் அரசாங்கத்துக்குப் போய், அதுக்கப்புறம் நோட்டும் போச்சு.

பத்து நாள் கழிச்சு, மே 27-ல், டெல்லியில நேரு இறந்தார். நாட்டுடைமை பர்மாவோட உள்நாட்டுக் கொள்கை, அதைத் தடுக்க முடியாது, இழப்பீடு மட்டும் கேட்கலாம்ங்கிறதுதான் இந்தியாவோட நிலைப்பாடா இருந்துது. கப்பல்கள் ஏற்பாடு ஆச்சு. துறைமுகத்துல சோதனை. நகை, பணம், சொத்துப் பத்திரம்னு கொண்டு வர முடிஞ்சது ரொம்பக் குறைவு.

இறங்கின பிறகு

இந்த எபிசோடுக்காக நான் சென்னை இரண்டாவது கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தேன். அத்தோ கடைகள் வரிசையா இருக்குமே, அங்கேதான். எழுபது வயசு தாண்டின ஒருத்தர் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். “ஐயா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?”ன்னு கேட்டேன்.

“எந்த ஊரைக் கேக்குற தம்பி? பேப்பர்ல சிவகங்கைப் பக்கம். அங்க நான் மொத மொதல்ல போனதே கப்பல்ல வந்து எறங்கினப்புறந்தான்.”

அவர் தன்னைவிட அவங்க அப்பாவைப் பத்தித்தான் நிறைய சொன்னார். வந்தப்போ அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயசாம். ரங்கூன்ல மளிகைக் கடை. இங்கே ஒரு கடையில கணக்கு எழுதுற வேலை கிடைச்சுது. ஆனா அவர் கை தன்னால பர்மிய எண்களைத்தான் எழுதுமாம். சாயங்காலம் முதலாளி நோட்டைத் திறந்து பார்த்தா ஒண்ணும் புரியாது. மூணு மாசத்துல வேலை போச்சு.

நான் இதுவரைக்கும் மீள்குடியேற்றம்னா வீடு, வேலை, கடன்னு மட்டும்தான் நினைச்சிருந்தேன். அந்தத் தகப்பனார் மாதிரி எத்தனை பேருக்குக் கை வேற ஒரு ஊருக்குப் பழகிப்போயிருக்கும்! இளவயசுக்காரங்க கத்துக்கிட்டாங்க, தெருவுல கடை போட்டாங்க. ஐம்பது தாண்டினவங்களுக்கு அந்த நேரம் இல்ல. இத்தனை வருஷம் பணம் அனுப்பின கிராமத்துல நிலம் பங்காளிகளுக்குப் பிரிஞ்சு முடிஞ்சிருந்துது. பணம் அனுப்புற வரைக்கும் அவர் பெரியப்பா. வந்து திண்ணையில உட்கார்ந்ததும் இன்னொரு வயிறு. அந்த வருஷங்கள்ல தமிழ்நாட்டுல அரிசிக்கே தட்டுப்பாடு வேற.

அரசு முகாம் அமைச்சுது, சின்னத் தொழிலுக்குக் கடன் கொடுத்துது, குடியிருப்பு கட்டித் தந்துது. பல ஊர்கள்ல ‘பர்மா காலனி’ இருக்கே, கவனிச்சிருக்கீங்களா? ஓஎம்ஆர்ல வேலை பார்க்குறவங்க மேப்ல பாருங்க, பெருங்குடியிலயே ஒண்ணு இருக்கு. 1969-ல் கடற்கரை ரயில் நிலையம் எதிர்ல சாலையோரக் கடைகளுக்கு இடம் கொடுத்தாங்க. அதுதான் பர்மா பஜார். நம்ம அப்பா தலைமுறை டேப் ரெக்கார்டர் வாங்கின இடம், நாம காலேஜ்ல டிவிடி வாங்கின இடம்.

எல்லாரும் இங்கேயே தங்கிடல. சில பேர் ‘இந்த ஊர் நமக்கு ஒத்து வரல’ன்னு மறுபடி பர்மாவுக்கே கிளம்பினாங்க, இந்த முறை தரை வழியா. மணிப்பூர் எல்லையில பர்மியப் படை தடுத்துத் திருப்பி அனுப்பிச்சு. அவங்க சென்னைக்குத் திரும்பல. எல்லையோரம் மோரே ஊர்லயே தங்கிட்டாங்க. அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு. ஒரு நாடு வெளியே அனுப்பின, இன்னொரு நாட்டுல ஒட்ட முடியாத ஆட்கள், ரெண்டுக்கும் நடுவுல ஊர் அமைச்சுக்கிட்டாங்க.

இதை ஏன் இப்போ பேசணும்?

என்னோட காலேஜ் பேட்ச்ல பாதிப் பேர் வெளியேதான் இருக்காங்க. எங்க கால்ல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: “இன்னும் அஞ்சு வருஷம் மச்சி, அப்புறம் ஊர்தான்.” வளைகுடாவுல முப்பது வருஷம் வேலை பார்த்த சித்தப்பா, மாமாக்களும் இதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் குடியுரிமை கிடைக்கிறது அபூர்வம். வேலை முடிஞ்சா விசாவும் முடியும். பர்மாவை அதோட நேரா ஒப்பிட முடியாது. அங்கே நடந்தது பறிப்பு. ஆனா ஒரு விஷயம் பொது: போனவங்க மனசுல ஊர், அவங்க கிளம்பின தேதியிலயே நின்னுடுது. ஊர் நிக்கிறதில்ல.

‘தாயகம் திரும்பியோர்’ங்கிற சொல்லு, திரும்பி வர ஒரு இடம் காத்திருக்குன்னு நம்ப வைக்குது. அந்த 1.44 லட்சம் பேர்ல எத்தனையோ பேர் இங்கே பொறக்கவே இல்ல. மீதிப் பேர் பொறந்த ஊரும் அவங்க இல்லாமலேயே நடந்து பழகியிருந்துது. அவங்க திரும்பி வந்து தாயகத்தைக் கண்டுபிடிக்கல, கடை போட்டு, காலனி கட்டி, அத்தோ பிசைஞ்சு வித்து உண்டாக்கிக்கிட்டாங்க. அப்படிச் செய்ய வயசு இல்லாதவங்க கதைதான் எங்கேயும் பதிவாகல.

கடைசியா ஒரு வேண்டுகோள். 1964-ல் பத்து வயசா இருந்தவங்களுக்கே இப்போ எழுபது தாண்டியாச்சு. உங்க குடும்பத்துலயோ தெருவுலயோ ரங்கூன் பேச்சு எடுக்குறவங்க இருந்தா, ஃபோனை எடுத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்திட்டு உட்காருங்க. அவங்க வந்ததைப் பத்தி மட்டும் கேட்காதீங்க. அவங்க அப்பா, அம்மா இங்கே வந்து எப்படி இருந்தாங்கன்னு கேளுங்க. அனுப்பினா, அவங்க அனுமதியோட அடுத்த எபிசோட்ல போடுறோம். பார்க்கலாம்.