யார் பாஷையில் தேசம்?

தேசிய இலக்கியம் தானாக முளைப்பதில்லை. எழுதுகிறவர் ஒருவர் என்றால் அதை அச்சிலேற்றத் துணிகிறவர் இன்னொருவர். இலக்கிய வரலாறுகள் முதலாமவரை மட்டுமே பேசுகின்றன. கென்யாவின் கதையை அப்படிப் பேசிவிட முடியாது.

1962ல் லண்டன் ஹைனமன் பதிப்பகம் 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை'யைத் தொடங்கியது. சினுவா அச்செபே அதன் ஆலோசக ஆசிரியர். கூகி வா தியாங்கோவின் முதல் நாவல் 1964ல் அதில்தான் வந்தது. ஆப்பிரிக்க எழுத்தை உலகத்தின் முன் நிறுத்தியதில் இந்த வரிசைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் எல்லாம் இங்கிலீஷ். காட்டுல மேட்டுல பாடுபடுகிற கிக்கூயூ சனத்துக்கு அதில் ஒரு வரிகூட எட்டவில்லை.

1977ல் கமிரீத்து கிராமத்து மக்களோடு சேர்ந்து கூகி கிக்கூயூ மொழியில் நாடகம் போட்டார். அதே ஆண்டு வந்த அவருடைய இங்கிலீஷ் நாவலைத் தொடாத அரசு, நாடகத்தைத் தடை செய்தது. அவரை ஓராண்டு விசாரணையில்லாமல் உள்ளே வைத்தது. சனங்க பாஷையில் பேசினால்தான் அதிகாரத்துக்கு வலிக்கிறது. சிறையில் கழிப்பறைத் தாளில் கிக்கூயூவிலேயே அவர் எழுதிய நாவல்தான், தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று நமக்கு வந்தது.

அதை யார் போடுவது? நைரோபி ஹைனமனின் பொறுப்பிலிருந்த ஹென்றி சக்காவா போட முன்வந்தார். மிரட்டல் போன்கள் வந்தன. வீட்டு வாசலிலேயே அவரைத் தாக்கினார்கள். விரலில் வெட்டு விழுந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1980 ஏப்ரலில் புத்தகம் வெளிவந்தது. 5,000 பிரதி விற்க மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும் என்பது பதிப்பகத்தின் கணக்கு. ஒரே மாதத்தில் மறுஅச்சு! டிசம்பருக்குள் 15,000 பிரதிகள் அச்சாகின. எழுத்து தெரிந்த ஒருவர் வாசிக்க, குடும்பமே உட்கார்ந்து கேட்டது. மதுக்கடைகளிலும் வாசித்தார்கள். கிளாஸ் காலியானால் வாசிக்கிறவர் நிறுத்திவிடுவார். கேட்கிறவங்க அடுத்த கிளாஸ் வாங்கித் தரணும்.

1986ல் 'மட்டிகாரி' நாவல். ஊரெல்லாம் மட்டிகாரி பேச்சாக இருக்க, அந்த ஆளைப் பிடிக்கச் சொன்னது அரசு. அவன் கதாபாத்திரம் என்று தெரிந்ததும், 1987ல் போலீஸ் கடைகடையாகப் புகுந்து புத்தகங்களை அள்ளிச் சென்றது.

1992ல் அந்தப் பதிப்பகம் முழுக்கக் கென்யர் உடைமையானது. சக்காவா 2024லும் கூகி 2025லும் மறைந்தார்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. கிக்கூயூ, கென்யாவின் ஆகப் பெரிய சமூகத்தின் மொழி. அங்கே நாற்பதுக்கு மேல் மொழிகள். எண்ணிக்கையில் சிறுத்த சனங்களின் பாஷைக்கு எந்த அச்சகம் கதவு திறக்கும்? அது திறக்காதவரை தேசிய இலக்கியம் என்பது பாதித் தேசத்தின் இலக்கியம்தான்.